மல்லாட்டைத் தோல்

மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன்,
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு, மாதக் கணக்கில்.
இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் பிழைப்பு.
மருந்துக்கடைப் பலகையில்கூட வங்காள எழுத்து.
மார்ச்சில் வந்தவர்கள் நதியா ஜில்லா:
பிபுல் மண்டல், மனைவி ஷெஃபாலி.
அவள் தலையில் எப்போதும் மஞ்சள் பருத்தித் துணி.
நான் கேட்கவில்லை.
வேலப்பாடியில் யாரும் கேட்பதில்லை.

கீழே, தோட்டம் என்று நான் சொல்லிக்கொள்வது
பதினாறுக்குப் பத்தடி.
ஆறு முள்ளுக்கத்திரி, இலவம்பாடி விதை.
ஒரு கறிவேப்பிலை.
மதிலோரம் தானாக முளைத்த முருங்கை.
விடிவதற்குள் பெருக்கிவிடுவேன்,
துடைப்பக் கோடு மண்ணில் வரிவரியாய்த் தெரிய.
ஓர் இலை கிடந்தாலும்
யாரோ வாசலில் எச்சில் துப்பிவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைமலை
ராத்திரி அதை எங்கள்மேல் கக்கும் ஊர் இது.
இரண்டு குடம் ஊற்றினால்
ஒரு குடம் ஆகாயத்துக்கு.
மூன்றாம் நாள் மண் வாய் பிளந்து கிடக்கும்.

ஏப்ரலில் ஒரு காலை பிபுல் இறங்கி வந்து
வெடிப்புக்குள் விரலை விட்டார்.
இரண்டாம் கணு வரை போயிற்று.
என்னவோ சொன்னார்.
புரியவில்லை என்றேன், அது அவருக்குப் புரியவில்லை.
தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார்,
பிறகு மண்ணை,
பிறகு இரண்டு கையையும் விரித்தார்.

கோபம்தான் வந்தது.
பெருக்கித் துடைத்து வைத்த என் மண்ணை
அம்மணம் என்கிறார், வாடகைக்கு இருப்பவர்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் இரண்டு மூட்டை வந்து இறங்கியது,
ஆரணி ரோட்டில் உடைக்கிற மிஷினிலிருந்து.
மல்லாட்டைத் தோல்.
எந்த மொழியில் பேரம் பேசினாரோ!
அது போதவில்லை.
தெரு பெருக்கும் தேசம்மா புங்க இலையைக் குவித்துத்
தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள்.
கொளுத்தாதே, இங்கே கொட்டு என்றேன், நானேதான்.
"இன்னாக்கா,
குப்பை எடுக்கலன்னு ஆபீசுக்குப் போன் போட்ட ஆளு நீ!"

நான்கு விரல் உயரம் பரப்பினோம்.
தண்டைச் சுற்றி மட்டும் இடம் விட வேண்டுமாம்,
ஈரம் ஒட்டினால் அழுகும்.
அந்த வேலை ஷெஃபாலியுடையது.
கடைசிப் படியில் உட்கார்ந்து,
குனிய முடிந்தவரை குனிந்து
தண்டிலிருந்து இலைகளை ஒதுக்கினாள்,
குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல்.
ஒரு செடி முடித்து மூச்சு வாங்குவாள்.
அப்புறம் அடுத்தது.

பாம்பு வரும் என்றார் எதிர்வீட்டு ஞானப்பிரகாசம்.
பாம்பு வரவில்லை.
தவிட்டுக்குருவிகள் ஏழு வந்தன,
கூச்சல் போட்டு, இலையைப் புரட்டிப் புரட்டி
பாதியை வாசல் வரை இறைத்தன.
அதைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்குத்தான்
இப்போது துடைப்பம்.
முருங்கையடியில் கரையான் பிடித்தது, அதையும் சொல்லவேண்டும்.
அங்கே மட்டும் தோலை வாரிவிட்டேன்.

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்
காட்பாடியில் ஹவுராவுக்கு ரயில்.
ரிப்போர்ட்டில் என்ன இருந்தது,
நல்லதா, கெட்டதா,
அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
பைக்குள் மூன்று கத்திரிக்காய் வைத்தேன்.
முள் குத்தி ஷெஃபாலி விரலை உதறினாள், சிரித்தாள்.

இன்று நாற்பத்திரண்டு டிகிரி.
நான்கு நாளாய்த் தண்ணீர் ஊற்றவில்லை.
மேலே சருகு, கைபட்டால் நொறுங்குகிறது.
அதை விலக்கினால் பாதி மக்கிய தோல்,
அதன் கீழே வெள்ளை நூலாய்ப் பூஞ்சை,
அதற்கும் கீழே விரலை விட்டேன்.
முதல் கணுவிலேயே சில்லென்றது.
கொஞ்ச நேரம் எடுக்க மனமில்லை.

நவம்பர் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்,
மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.
நவம்பருக்குள் இது மண்ணோடு மண்ணாகிவிடும்.
மிஷின்காரரிடம்
இன்னும் இரண்டு மூட்டைக்குச் சொல்லி வைக்கவேண்டும்.